அக்கா காத்திருந்த முடிவு

2008இல் அமெரிக்காவில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் ஜனாதிபதி வேட்பாளராவதற்குக் கடுமையாகப் போட்டியிட்டார்கள். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

“ஆரடி வெல்லுவினம்? வாற ஆள் சண்டையை நிப்பாட்டுமாம் எண்டு இங்க கதைக்கினம். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடுறதோ, இருக்கிறதோ? நீ படிச்சனி, சொல்லு.”

அந்த இருவரின் விவாதங்களையும் விடாமல் பார்த்திருந்தேன். எங்கள் நாட்டின் பெயரைக்கூட அவர்கள் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. போ என்றால் வழியில் ஷெல் குண்டு விழலாம். இரு என்றால் வீட்டின்மேல் விழலாம்.

“இன்னும் முடிவாகேல்லை, அக்கா.”

“அப்ப சரி. முடிவு வரட்டும், பாத்து வெளிக்கிடுவம்,” என்றாள் நிம்மதியாக. இணைப்பு அறுந்தது. திருப்பி அழைக்க அவளுக்கென்று ஓர் இலக்கம் இல்லை.

உண்மையைத்தானே சொன்னேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.