குட்டியானைக்குப் பட்டை கட்டியவர்

கமருன்னிஸா மாமியின் தம்பி ஃபாஜில் ஒரு டிசம்பரில் கனடாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். முழங்கால் உயரப் பனியில் ஒரு லாரி நிற்கிறது. அதற்குச் சக்கரங்கள் இல்லை. சக்கரம் இருக்க வேண்டிய நான்கு இடங்களிலும் முக்கோண வடிவில் ரப்பர் பட்டைகள் சுற்றியிருக்கின்றன. தாடி வைத்த ஒருவர், எல்லாம் தன் வீட்டுக் கொட்டகையிலேயே செய்தது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார். லாரி பனியின் மேல் மிதந்தபடி போகிறது.

மச்சானுக்கு வேடிக்கையாக இருக்கும் என்றுதான் ஃபாஜில் அனுப்பியிருக்க வேண்டும். மச்சானான மீரா சாகிப் மாமா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த மனிதர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அளவுகளோடு சேர்த்து இரண்டு பக்கம் வந்தது. நின்றபடியே படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பனியில புதையாதது சேத்துல மட்டும் புதைஞ்சிடுமா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு ஐம்பது வயதாகிறது. கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. இருபத்தோரு வயதில் குவைத்துக்குப் போனவர். பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கும் கம்பெனியில் வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. பதினெட்டு வருடம் பார்த்தார். மணலில் புதைந்த வண்டியை எடுக்க வேண்டுமென்றால் மற்ற முகாம்களிலிருந்துகூட அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனபோது கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து ஆறு மாதம் படுத்தே கிடந்தார். பிறகு ஒரு நாள் எழுந்து போய் வெல்டிங் மிஷின் வாங்கி வந்தார். குனியாமல் வேலை செய்வதற்காக, வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் இரும்பு மேடை ஒன்றைச் செய்தார். ஒர்க்‌ஷாப்பில் அவர் செய்த முதல் வேலை அதுதான்.

சம்பா அறுவடை நாட்களில் மாமாவின் கொட்டகையில் இடமிருக்காது. சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் அறுவடை மிஷின்கள் ஏதாவது ஒன்று உடைந்து நிற்கும். ஈர வயலில், சக்கரத்துக்குப் பதில் பட்டை ஓடும் பெல்ட் மிஷின் இறங்கி அறுத்துவிடும். அறுத்த நெல்லை வெளியே கொண்டுவருவதுதான் பாடு. சாலையோரத்து வயல்காரர்களுக்குக் கவலையில்லை. உள்வயல்காரர்களுக்கு, நடுவில் இருப்பவர் வழி விட வேண்டும், விட்டாலும் டிராக்டர் புதையாமல் வர வேண்டும். புதைந்த டிராக்டரை எடுக்கப் போய், உள்ளே குவித்த நெல் மழையில் நனைந்து முளை விட்டதை மாமா பல முறை பார்த்திருக்கிறார். வீடியோவைப் பார்த்ததும் அவருக்கு அந்த வயல்கள்தான் ஞாபகம் வந்திருக்கின்றன.

வேலையை மாசியில் தொடங்கினார். அரிசி ஆலையில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வாங்கி நான்கு வளையங்களாக்கினார். கறுப்பு ஹோஸ் பைப்பை நீளவாட்டில் பிளந்து, வளைந்த பக்கம் வெளியே இருக்கும்படி பெல்ட்டின் குறுக்கே வரிசையாக போல்ட் போட்டு முடுக்கினார். உள்ளே உருள்வதற்குப் பழைய ஸ்கூட்டர்களின் சக்கரங்கள். நடுவில் பெல்ட்டை இழுக்கும் பல் சக்கரத்தை மட்டும் கும்பகோணத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினார். இவ்வளவும் மாட்டுவதற்கு ஒரு பழைய குட்டியானை. சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"வீட்டுல குழாய் ஒழுகுது. அதுக்கு வாஷர் மாத்த மூணு மாசமா நேரமில்ல," என்று மாமி என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லாத பனிக்கு வண்டி செய்யிறாங்களாம்."

"பனிக்கு இல்ல, சேத்துக்கு," என்றார் மாமா.

"அதுவும் நம்ம வீட்டு வாசல்லயே கிடக்கு. குழாய் ஒழுகுதுல்ல."

மறுநாள் வாஷர் மாற்றப்பட்டது.

கோடையில் ஆறு வற்றியதும் குட்டியானையை ஆற்று மணலில் இறக்கி ஓட்டிப் பார்த்தார். பத்து மூட்டை மணலை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். சேற்றில் ஓட்டிப் பார்க்க அவர் கேட்டபோது யாரும் வயல் தரவில்லை. விதை விடுவதற்கு முன்னால் எவரும் தன் வயலில் புது வண்டியை விட யோசிப்பார்கள். அதற்குப் பிறகு பயிர் வந்துவிட்டது.

அடுத்த ஜனவரிக் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை, மங்களாம்பிகை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஊருக்குக் கிழக்கே ஐந்து மா நிலத்தை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகைக்குப் பயிர் செய்கிறவர். கணவர் இறந்த பிறகு நான்காவது சம்பா. அது உள்வயல். பெல்ட் மிஷின் முந்தின நாள் முன்வயலோடு சேர்த்து இதையும் அறுத்து, வயல் நடுவில் இருந்த மேட்டில் நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு மூட்டை வரும். வியாழன் சாயங்காலம் மழை என்று சொல்லியிருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடலாம். ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்றால் அடியிலிருந்து ஈரம் ஏறிவிடும்.

"டிராக்டர் வரமாட்டேங்குதா?" என்று மாமா கேட்டார்.

"வரும். முன்வயல் செல்லதுரை அண்ணன் விடமாட்டேங்குது. அது வயல்ல உளுந்து முளைச்சு ரெண்டு எலை விட்டிருக்கு. அதையும் குத்தம் சொல்ல முடியாது பாய்."

சொல்ல முடியாதுதான். எங்கள் பக்கத்தில் நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுவடை ஈரத்திலேயே அது முளைத்து, இரவில் இறங்கும் பனியிலேயே வளர்ந்துவிடும். அடுத்த போகம் அதுதான். ஒரு டிராக்டர் நாலு முறை போய் வந்தால் அந்த வழியில் ஒரு செடி மிஞ்சாது.

மாமா குட்டியானையில் பட்டைகளை மாட்டினார். ஒவ்வொன்றையும் நெம்புகோல் போட்டு இறுக்கி, தட்டிப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

வரப்பில் செல்லதுரை குடையோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன பாய், வண்டிக்குச் செருப்பு மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"செருப்பு இல்லங்க. பூட்ஸு."

"எதுவானாலும் சரி. ஒரு வழிதான் தருவேன். அஞ்சு முழ அகலம். அதைத் தாண்டி ஒரு செடி நசுங்கக் கூடாது. அந்த அஞ்சு முழத்துக்குள்ளயும் செடி செத்துப்போச்சுன்னா வண்டியை அங்கேயே நிறுத்திடணும்."

மாமா ஒப்புக்கொண்டு வண்டியை இறக்கினார். முப்பது அடி நன்றாகப் போனது. செல்லதுரை குடையை மடக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். நாற்பதாவது அடியில் இன்ஜின் திணறியது. ஐம்பதில் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பட்டைகளுக்குள் களிமண்ணும் வைக்கோலும் கல்லாக அடைத்துக்கொண்டிருந்தன. ஏற்கெனவே இறுகியிருந்த பட்டை வெடிக்கிற மாதிரி விறைத்து, பல் சக்கரம் அசையவே இல்லை.

"ஆத்து மணல்ல பறந்துச்சே பாய்," என்றார் செல்லதுரை. குரலில் கேலி குறைந்திருந்தது.

மாமா கடப்பாரையால் சேற்றைக் குத்தி எடுத்தார். கயிறு கட்டி நான்கு பேர் இழுத்து வண்டியைக் கரையேற்ற மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு யோசனை அவருக்கு இருந்தது. பட்டையின் மேல் இரும்புக் கோணம் வைத்து வெல்டு அடித்தால் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதைச் சொன்னதுமே செல்லதுரை மறுத்துத் தலையை ஆட்டினார்.

"அப்பறம் டிராக்டருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இரும்பு எறங்கினா உளுந்து போச்சு."

மங்களாம்பிகை இதற்குள் பட்டையின் அருகில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் அடைத்திருந்த களியைக் கிளறிக்கொண்டிருந்தார். குச்சி நுழையவில்லை.

"இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கீங்களே. உள்ள போற சேறு எந்த வழியா வெளிய வரும்?"

"இறுக்கலன்னா பட்டை கழண்டுடும், தங்கச்சி."

"நடவு நாள்ல பொம்பளைங்க மெட்டியைத் தளத்தி விட்டுக்குவாங்க பாய். இறுக்கமா இருந்துச்சுன்னா சேறு அடியில ஏறி உக்காந்துக்கும். சாயங்காலம் விரல் வீங்கிப்போய் மெட்டியை வெட்டித்தான் எடுக்கணும். லூசா இருந்தா அதுவா உள்ள வரும், அதுவா வெளிய போவும்."

"அது கால் விரலு. இது வண்டி," என்றார் செல்லதுரை.

"ரெண்டும் இதே சேத்துலதானே அண்ணே எறங்குது?"

மாமா விறைத்த பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். மணலில் பட்டை தளர்ந்தால் பக்கவாட்டில் கழன்று ஓடிவிடும். அதனால் குவைத்தில் எதையும் அவர் இறுக்கியே மாட்டியிருக்கிறார். "பதினெட்டு வருசம் மணல்ல நின்ன கை, தங்கச்சி. கேக்காமலே இறுக்கிடுது," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பட்டைகளைத் தளர்த்தினார். இரண்டு பைப்புகளுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பரை வெட்டி எடுத்தார். நான்கு பட்டைக்கும் சேர்த்து எண்பது சன்னல். சேறு உள்ளே வந்தால் அந்த வழியாக விழுந்துவிடும். தளர்ந்த பட்டை கழலாமல் இருக்க, உள் சக்கரங்களின் இரண்டு பக்கமும் தகட்டு விளிம்பு வைத்தார். குனிய முடியாததால் வாய்க்கால் சரிவில் வண்டியை ஏற்றி நிறுத்தி, தான் வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு வேலை செய்தார். தண்ணீர் முழங்கால் வரை இருந்தது.

வியாழன் காலை மாமியோடு நானும் போயிருந்தேன். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. மாமி ஃபிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பட்டைகளைப் பார்த்தார்.

"என்னங்க இது, தொளதொளன்னு கெடக்கு. கோடையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"கோடைக்கு அது. சேத்துக்கு இது," என்றார் மாமா.

வண்டி இறங்கியது. முப்பது அடி. நாற்பது. ஐம்பதையும் தாண்டியது. பட்டைகள் தொப்தொப்பென்று அடித்துக்கொண்டே சுழன்றன. சன்னல்கள் வழியாகக் களி உருண்டை உருண்டையாக விழுந்துகொண்டிருந்தது. வண்டி மெதுவாக, மூச்சு வாங்குகிற மாதிரி ஆடிக்கொண்டே, செல்லதுரையின் வயலைக் கடந்து மங்களாம்பிகையின் மேட்டில் ஏறி நின்றது.

நெல்லைச் சாக்கில் அள்ளி ஏழு மூட்டை ஏற்றினார்கள். திரும்பும்போது இன்னும் ஆழமாக அழுந்தியது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது நடை. மூன்றாவது நடை முடிந்ததும் செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழியில் இறங்கினார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா இன்ஜினை அணைத்துவிட்டார். செல்லதுரை குனிந்து, பட்டை போன தடத்தில் ஒரு செடியின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். விட்டார். இன்னொன்றைத் தூக்கினார். பத்தடி தள்ளிப் போய் மறுபடி பார்த்தார்.

மங்களாம்பிகையின் கை முந்தானையைப் பிடித்திருந்தது. மேட்டில் இன்னும் முப்பத்தொரு மூட்டை இருந்தது.

"படுத்திருக்கு," என்றார் செல்லதுரை கடைசியில். "சாகல. சன்னல் வெட்டின எடத்துல கெடந்தது நிமிந்தே நிக்குது." பிறகு மாமாவைப் பார்த்து, "என்ன பாய் வேடிக்கை? மழை வருது. வண்டியை எடுங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவரே மேட்டில் நின்று மூட்டை பிடித்துக் கொடுத்தார். ஐந்தாவது நடையில் ஒரு போல்ட் தெறித்தது. மாமா வேறு போட்டார். ஏழாவது நடையில் காற்று எழுந்து தார்ப்பாயை அடித்தது. எட்டாவது நடைக்கு மூன்று மூட்டைதான் மிச்சம். மங்களாம்பிகை கொட்டிக் கிடந்த நெல்லையெல்லாம் கூட்டி அரை மூட்டை சேர்த்துக்கொண்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து வந்தார். செல்லதுரையின் வயலுக்குப் பாதி வரும்போது முதல் தூறல் விழுந்தது. அவர் முந்தானையை எடுத்து மூட்டையின் வாயில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தன் தலை நனைவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாலையில் வரவழைத்து நிறுத்தியிருந்த டிராக்டர் டிப்பரில் எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். மாமா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாமியும் நானும் ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனோம்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் கூரைக்கு அடியில் வரிசை நீளமாக இருந்தது. மங்களாம்பிகையின் முறை வந்தபோது, அங்கிருந்தவர் ஒரு மூட்டையின் நடுவில் கை விட்டு நெல்லை அள்ளி, ஈரம் பார்க்கும் மிஷினில் போட்டார். பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். திருப்தியில்லாமல் அடி மூட்டை ஒன்றைத் திறக்கச் சொன்னார். அதிலும் அள்ளிப் போட்டார். எண் நிற்கும் வரை மங்களாம்பிகை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு," என்றார் ஈரம் பார்த்தவர், நிமிர்ந்து பார்க்காமல். "இறக்குங்க."

மங்களாம்பிகை முதல் மூட்டையைத் தானே பிடித்து இறக்கினார். தகரக் கூரையின் மேல் மழை வலுத்திருந்தது.