மாமனாரின் காரும் கணவரின் லேத்தும்

என் கணவர் பெங்களூர் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு மத்திகிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

"போர்மேனை மூஞ்சிக்கு நேரா முட்டாள்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"அந்தப் பட்டம் யாருக்குப் பொருந்தும்னு எனக்குத் தெரியும்மா" என்று மாமனார் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தபால்காரி நான்தான்.

மாமனார் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் கட்டி, அதில் ஒரு பழைய காரை நிறுத்தியிருந்தார். எனக்குத் தெரிந்து அது நகர்ந்ததே இல்லை. தினமும் காலையில் பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முன் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் என்று நினைத்துவிடுவார்களாம்.

இவருக்கோ அந்த ஷெட்டில் ஒரு லேத்தைப் போட்டு, சொந்தமாக இரும்பு கடைந்து பிழைக்க வேண்டும் என்று ஆசை.

"காரை வெளிய தள்ளிட்டா லேத்தை வெச்சிக்கலாம்னு சொல்லு."

சொன்னேன்.

"லேத்தைத் தெருவுல வெச்சிக்கச் சொல்லும்மா."

அதையும் சொன்னேன். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், அடுப்புக்கரியால் ஷெட்டின் நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் லேத்.

ஷெட்டை ஒழுங்கு செய்ததும் நான்தான். என் கணவரின் ஒழுங்கு என்பது எல்லாவற்றையும் ஒரே கோணிப்பைக்குள் போட்டுக் கட்டுவது. போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து ஊறுகாய் ஜாடிகளில் போட்டேன். சுவரில் ஆணி அடித்து, ஸ்பானர், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் மாட்டி, எது எங்கே என்று தெரிய ஒவ்வொன்றையும் சுற்றிக் கரிக்கோடு வரைந்தேன்.

"ஸ்பானருக்கெல்லாம் படம் போட்டு மாலையும் போடப் போறியா?" என்று இவர் சிரித்தார். மறுநாளே சுத்தியலைக் குறட்டின் படத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

பெங்களூரில் யாரோ கழித்துப்போட்ட லேத் ஒன்று லாரியில் வந்தது. "எல்லி இளிஸோது, அம்மா?" என்று எங்கே இறக்குவதெனக் கன்னடத்தில் கேட்ட டிரைவர், ஷெட்டுக்குள் காரையும் அதில் பேப்பரோடு ஒரு மனிதரையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை லேத்தின் காலுக்கடியில் தகடு செருகினோம். மோட்டாருக்கு வயர் கொடுத்தது என் கணவர். எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று எங்கள் சபைப் போதகரை வரவழைத்து ஜெபிக்கச் சொன்னோம்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றும் என்று ஆண்டவர் அவருக்கு வெளிப்படுத்தவில்லை.

கடைய வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனத்த வட்டத்துக்குச் சக் என்று பெயர். எங்கள் லேத்தில் அது மரை போட்டு முறுக்கிய சக். சுவிட்சைப் போட்டதும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கழன்று தரையில் விழுந்து, நான் போட்ட கோட்டைத் தாண்டி உருண்டுபோய்க் காரின் கதவில் மோதியது. போதகர் ஆமென் சொல்லாமலேயே வெளியே போய்விட்டார்.

காருக்குள் பேப்பர் மெல்ல இறங்கியது.

"இத்தனை வருசத்துல இந்தக் காருக்கு ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. உம் புருசன் நிக்க வெச்சே பண்ணிட்டான்னு சொல்லும்மா."

இவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் நான் திரும்பி, "ஏங்க, மாமா என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு" என்றார்.

வயரை மாற்றிக் கொடுத்தபின் லேத் ஒழுங்காகச் சுற்றியது. ஆனால் கடைந்த தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் இளைத்தும் வந்தது. பம்புத் தண்டு கேட்ட விவசாயி அதை வாங்கிப் பார்த்து, "முருங்கைக்காயாட்டம் இருக்குதுங்க" என்றார். இவர் லேத்தைத் திட்டினார், கரண்டைத் திட்டினார், அப்புறம் நான் ரசமட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் மட்டத்தை எடுத்து அவர் கண்முன்னாலேயே வைத்தேன். நடுவில் நிறுத்திய குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது. குனிந்து பார்த்தால் லேத்தின் பின்கால் பக்கம் தரையில் விரிசல்.

"மாமா, இங்க ஏன் தரை எறங்குது?"

அவர் பேப்பரைப் புரட்டினார். "அங்க பள்ளம் இருந்துச்சும்மா. காருக்கு அடியில நின்னு ரிப்பேர் பாக்க வெட்டினது. மண்ணைப் போட்டு மூடி மேல சிமெண்டு பூசிட்டேன்."

"ஏன் மாமா இத்தனை நாளா சொல்லலை?"

"யாரும் கேக்கலியே."

என் கணவர் கையிலிருந்த துணியை வீசியெறிந்தார். "உங்களுக்கு மனசாட்சி இருக்குதாப்பா?"

"லேத்து வெக்கிறவன் தரையைத் தட்டிப் பாக்க மாட்டானாடா? அந்தப் போர்மேன் உன்னை உசுரோட விட்டதே பெருசு!"

மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததை எல்லாம் இருவரும் கொட்டினார்கள். நான் நடுவில் இல்லாமல் அவர்கள் பேசியதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. காரின் முன் சீட்டில் வசதியாக உட்கார்ந்து கேட்டேன்.

கத்தி ஓய்ந்தபின், லேத்தைக் கார் நின்ற கெட்டித் தரைக்கு மாற்றுவது என்று முடிவானது. காரை நாங்கள் தள்ள, மாமனாரே முதல்முறையாக முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தார். வாசலைத் தாண்டும்போது வாயாலேயே ஹாரன் அடித்தார்.

புது இடத்தில் குமிழி அசையவில்லை. தண்டும் இரண்டு முனையிலும் ஒரே தடிமனாக வந்தது. மாமனார் அதை விரலால் தடவிப் பார்த்து, "பரவால்ல" என்றார். மறுநாளிலிருந்து பேப்பரோடு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு லேத் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டூலைப் பிடிப்பது தப்பு, எண்ணெய் விடுவது தப்பு, நிற்பதுகூடத் தப்பு என்று ஓயாமல் சொல்வார். இவரும் விடாமல் பதில் கொடுப்பார்.

சுற்றுவட்டாரத்துப் பம்புகளுக்கும் வண்டிகளுக்கும் வேலை வர ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்கள் ஷெட் வாசலிலேயே தயங்கி நின்று, "உள்ள என்னம்மா சண்டை?" என்று கேட்பார்கள்.

"சண்டை இல்லீங்க, வேலை நடக்குது. உள்ள போங்க" என்பேன்.