கடலுக்குள் போன பெண்ணின் கதையைச் சொன்னவள்

மாக் சூட் ஃபான் பதினேழு வருஷம் சீனாவின் மக்காவ் நகரில் ஒரு சூதாட்ட விடுதியில் பக்காரா என்ற சீட்டாட்ட மேஜையில் சீட்டுப் போட்டவள். ஒன்பதை நெருங்கினவனுக்கு வெற்றி. பத்தும் ராஜா ராணியும் வெறும் பூஜ்யம். குழந்தைகூட விளையாடிவிடக்கூடிய அந்த ஆட்டத்தில் பெரிய மனிதர்கள் செய்யும் கூத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் குமட்டும். வேண்டாத புள்ளி பறந்துபோகட்டும் என்று சீட்டின்மேல் வாயைக் குவித்து ஊதுவார்கள். எச்சில் அவள் கன்னத்தில் தெறிக்கும். துடைக்கக் கையை எடுக்க முடியாது, மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். தோற்றால் "சனியன் மூஞ்சி, ஆளை மாத்து!" என்பார்கள். அவர்கள் கசக்கிய சீட்டு அந்த ஒரு ஆட்டத்தோடு குப்பைக்குப் போகும். அவள் போக முடியாது.

அதனால் விளம்பரப் பிரிவு மேலாளர் ஹோ அவளைக் கூப்பிட்டு, முன்கூடத்தில் பக்காராவின் வரலாற்றை நாடகமாகப் போடப்போகிறோம், நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும் என்றபோது அவளுக்கு உயிர் வந்தது. பகல் வேலை. குரல் நன்றாக இருக்கிறதாம். பெய்ஜிங்காரர்களுக்கும் புரியும்படி பேசுகிறாளாம்.

அவர் கொடுத்த தாளில் கதை இப்படி ஆரம்பித்தது: பழைய இத்தாலியில் ஒரு கன்னிப்பெண் ஒன்பது முகம் கொண்ட பகடையை உருட்டுவாள். எட்டோ ஒன்பதோ விழுந்தால் கோயில் பூசாரி. ஆறோ ஏழோ விழுந்தால் உயிர் மிஞ்சும், பூசை உரிமை கிடையாது. அதற்கும் கீழே விழுந்தால் கடலுக்குள் நடந்து போய்விட வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆட்டம்.

ஃபான் விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய்ப் புரட்டினாள். ஆட்டம் இத்தாலியில் பிறந்தது என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் உறுதியான எழுத்துச் சான்று பிரான்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. இப்போது மக்காவ் நகரில் ஆடும் வகை கியூபா பக்கமிருந்து அமெரிக்கா போய் வந்தது. கன்னிப்பெண்ணையும் கடலையும் பற்றி ஆதாரம் எதுவுமில்லை.

"சார், இது யாரோ கட்டிவிட்ட கதை."

"தெரியும் ஃபான். பிரான்சுல பணக்காரனுங்க பொழுதுபோகாம ஆடினாங்கன்னு சொன்னா எவன் நிப்பான்? பொண்ணு செத்தா நிப்பான்."

பெண்ணாக நடித்தது சியு மான். இருபத்து மூன்று வயது, மேஜை வேலைக்குப் பயிற்சியில் இருந்தாள். பகடையில் எப்போதும் மூன்று விழுமாறு செய்திருந்தார்கள். மூன்று விழும், ஃபான் ஒலிவாங்கியில் குரலைத் தாழ்த்தி, "அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்பாள், சியு மான் கடலாகத் தொங்கவிட்ட நீலத் துணிக்குள் நடந்து மறைவாள். கூட்டம் படமெடுக்கும்.

இரண்டாவது வாரம் ஒருவன் கத்தினான்: "தினம் மூணுதானா? ஏமாத்து வேலை!"

ஹோ அன்றே நிஜப் பகடையை வாங்கி வந்தார். அதோடு கூட்டம் மூன்று மடங்கானது. என்ன விழும் என்று ஆட்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். "கடல்", "கோயில்" என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ஹோ காவலர்களைக் கூப்பிடவில்லை. தள்ளி நின்று சிரித்தார்.

"அக்கா, இன்னைக்கு நாலு தடவை பொழச்சேன்!" என்று உடை மாற்றும் அறையில் சியு மான் குதித்தாள்.

"சிரிக்காதடி. எனக்கு வாந்தி வருது."

"நடிப்புதானே அக்கா? இதுக்குப் போய் ஏன்?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒன்பது விழுந்தது. முன்வரிசையில் ஒரு தடியன், வாயில் பல்குச்சியோடு, கயிற்றைத் தாண்டி வந்து சியு மான் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "சாகக்கூடத் துப்பில்லையாடி உனக்கு? மூணு தடவை 'கடல்'னு கட்டினேன்!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி, கைப்பையை மார்போடு அணைத்தபடி, "அடுத்ததுல செத்துடுவா, பொறு" என்று அவனைச் சமாதானப்படுத்தினாள்.

ஃபான் தாளைக் கீழே வைத்தாள். "இது பொய். இப்படி எந்தப் பொண்ணும் கடலுக்குப் போகலை. வேலையத்த பணக்காரங்க ஆடின ஆட்டம், அவ்வளவுதான். ஒரு பொண்ணு சாகணும்னு காசு கட்டுறது நீங்கதான். வெக்கமா இல்லையா?"

தடியன் சொன்னான்: "சரி, பொய். அடுத்ததை உருட்டச் சொல்லு."

சியு மான் ஹோவைப் பார்த்தாள். ஹோ தலையசைத்தார். அவள் உருட்டினாள். நான்கு. ஆரவாரத்தில் கூரை அதிர்ந்தது. ஃபானுக்கு அந்தக் கூட்டத்தைவிட, நீலத் துணிக்குள் அழகாக நடந்து போன அந்தப் பெண்ணின்மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது. இரண்டு மாதம் அவளை நடக்கவைத்த குரல் தன்னுடையது என்று நினைத்தபோது தன்மேலும்.

ஹோ திட்டவில்லை. "மேஜைக்கே திரும்பிடுங்க" என்றார். அவள் மேஜைக்கும் போகவில்லை, அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது ஒரு மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் இடத்தில் வேலை. சம்பளம் பாதிக்கும் கீழே. கணவன் கூன் பேருந்து ஓட்டுகிறான். "சீழும் ரத்தமும் பட்ட துணியை எப்படித் தொடுற?" என்று கேட்டான்.

"நோயாளி வேணும்னேவா பண்றான்? இந்த அழுக்கு பரவாயில்லை."

போன மாதம் ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு வண்டியில ஒரு சுற்றுலாக் கைடு பக்காரா வந்த கதையைச் சொன்னான். பொண்ணு, பகடை, கடல்... 'அவள் திரும்பிப் பார்க்கவில்லை'ன்னு நீ வீட்டுல சொல்லிப் பழகுவியே, அதே மாதிரி. எல்லாரும் அப்படியே நம்பிட்டாங்க" என்றான்.

ஃபான் வாயில் வைத்த மீனை மென்று விழுங்க முடியாமல், எழுந்து போய்க் குப்பைக்கூடையில் துப்பினாள்.