ஏழாம் நாளில் ஒரு கேலி

ஜீபோ காலை நலம் விசாரித்து முடிப்பதற்குள் காஜாங்கில் இரண்டு ரயில் போய்விடும். தூங்கினீர்களா, வீட்டில் எல்லோரும் தூங்கினார்களா, உடம்பின் களைப்பு எப்படி, வேலையின் களைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ஒவ்வொன்றுக்கும் ‘நலம்தான்’ என்று பதில் வர வேண்டும். பல்வலியில் துடித்தாலும் அதுதான் பதில். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் டோசோ பக்கத்து சர்மா மக்கள் அப்படித்தான் நாளைத் தொடங்குவார்கள். மண்ணைப் பற்றி மேல்படிப்புப் படிக்க மலேசியாவின் செமினிக்கு வந்து நாலு வருஷமாகியும் அவன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. விடவும் கூடாது. ‘சாப்டாச்சா’ என்று கேட்டுவிட்டுப் பதில் வருமுன்பே கைப்பேசியைத் தடவுகிற நமக்குக் கொஞ்சம் உறைக்கட்டும்.

அந்த விசாரிப்பை முழுசாக நின்று கேட்டவர் ஒருவர்தான். காஜாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் கமலநாதன். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவர். ஜீபோ அவரிடம் கம்பு வாங்க வருவான். அவன் ஊரில் கம்புதான் சோறு, கம்புதான் கூழ். அதைப் பாலில் கரைத்துச் சுரைக்குடுக்கையில் குடிப்பார்கள் என்று அவன் சொன்னபோது கமலநாதன் கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நாங்க மாரியம்மனுக்கு ஊத்துறது லா!”

அவர்கள் பேசியது மலாயும் ஆங்கிலமும் தமிழும் பிசைந்த ஒரு பேச்சு. இங்கே அது தமிழாகவே இருக்கட்டும்.

ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூட ஜீபோ தவறவிட்டதில்லை. ஆனாலும் பேருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பேச்சை நிறுத்திவிடுவான். நைஜர் ஆற்றுக்கு ஒரு தலைவி உண்டு, தண்ணீருக்கு அடியில் அவள் வீடு என்று அவன் அம்மா தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறாள். நம்புகிறாயா என்று கமலநாதன் கேட்டதற்கு, “நம்பலை. ஆனா மரியாதை குடுப்பேன்” என்றான். எஸ்டேட் எல்லையில் நிற்கும் முனீஸ்வரனைக் கடக்கும்போது வேனின் வேகத்தைக் குறைக்கும் கமலநாதனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜீபோவின் மனைவி ஹலிமாவுக்கு வலி கண்ட அன்று மழை கொட்டியது. கூப்பிட்ட வாடகைக் கார் வரவில்லை. கமலநாதனின் வேன் வந்தது. பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அவருடைய மகள் விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹலிமா, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் “அண்ணே, மெதுவா! அண்ணே!” என்று அலறினாள். கணவன் சொல்லிக் கேட்டுப் பழகிய சொல். ஆண் பிள்ளை பிறந்தது.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். இறந்துபோன அப்பாவின் பெயரையே வைக்க ஜீபோ முடிவு செய்திருந்தான்: சுமானா. ஆடு சொல்லியாயிற்று. சுரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து பெரியவர் வருவார். ஆனால் ஹலிமா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டினாள், பால் கொடுத்தாள், சுவரைப் பார்த்தாள்.

“யார் இவனைக் கேலி பண்ணுவா?” என்று ஐந்தாம் நாள் கேட்டாள்.

அன்று விடியலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகணியில் நின்றிருந்தபோது ஜீபோவுக்குக் கண் சொருகியிருந்தது. செமினி மலைகளின் மேல் பனி இறங்கி, அடுக்குமாடிகளை மூடி, ஓர் ஆறாக ஓடியது. ஆற்றின் அக்கரையில் கம்பு ஆளுயரத்துக்கு விளைந்து நின்றது. அதற்குள்ளிருந்து அப்பா நடந்து வந்தார். செருப்பில்லை, கால் நனையவும் இல்லை. “கேலி செய்துவிட்டார்களா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை” என்றான். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். கண் விழித்தபோது பனி கலைந்திருந்தது, தோள் ஈரமாக இருந்தது. பிள்ளை பால் கக்கியிருந்தான்.

கடைக்கு வந்தவன் அன்று நலம் விசாரிக்கவில்லை. கமலநாதன் பயந்துபோனார். உட்காரவைத்துக் கேட்டார்.

ஜீபோ சொன்னான். அவர்கள் வழக்கத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள்தான். அவர்களுக்குள் மரியாதை உண்டு, கேலி கிடையாது. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் என்றால் அது வேறு, அவர்கள் ‘பாசோ’. பாசோ வந்து எவ்வளவு திட்டினாலும் கோபிக்க முடியாது. பெயர் வைக்கும் நாளில் அவர்கள் வந்து நின்று ஏளனம் செய்தால்தான் பிள்ளைக்கு உறவு இருக்கிறது என்று அர்த்தம். கேலி செய்ய ஆளில்லாத பிள்ளை, விருந்தாளி வீட்டுப் பிள்ளை.

“எங்களுக்கு இங்கே எல்லாரும் மரியாதைதான் குடுக்கிறாங்க, அண்ணே” என்றான்.

“அடப்பாவி, இது எங்க மாமன் மச்சான் முறை இல்ல?” என்றார் கமலநாதன். பிறகு விரலை நீட்டினார். “நீ என்னை என்னன்னு கூப்பிடுற?”

“அண்ணே.”

“உன் பொண்டாட்டி?”

“அண்ணே...”

“அப்போ நீயும் அவளும் யாருடா?”

ஜீபோவுக்கு முகம் வெளிறியது. நம் ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஊரில் யாரைத்தான் நாம் அண்ணே என்று கூப்பிடுவதில்லை? ஆனால் சர்மாக்காரனுக்கு முறை என்றால் முறை. வீட்டுக்கு ஓடினான். இருவரில் ஒருவர் அண்ணனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றான்.

“என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நான் விடமாட்டேன்” என்றாள் ஹலிமா.

அப்படியாக ஜீபோ ஓர் அண்ணனை இழந்தான். சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொன்னபோது கமலநாதன் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். “வா மச்சான்!” பதிலுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஜீபோவுக்கு நாக்கு எழவில்லை. அத்தனை வருஷத்து மரியாதை தடுத்தது.

ஏழாம் நாள் காலை. சுராப் பெரியவர் ஓதினார். கமலநாதன் யாரும் சொல்லாமலே வேட்டியை மடித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். தாய்மாமன் மடியில்தானே முடி இறக்குவது! ஹலிமா பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். பெரியவர் கத்தியை எடுத்தார். பிசுபிசுத்த முடி கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைத் துணியில் விழுந்தது. பெயரைச் சொன்னார்கள். எல்லாம் அழகாக, அமைதியாக நடந்தது. அந்த அமைதிதான் ஜீபோவை உறுத்தியது.

மூலையில் நின்ற விஷ்ணுப்ரியாவைக் கமலநாதன் பார்த்தார். பத்தொன்பது வயது, வாய்க்குப் பூட்டில்லாத பெண். கேலி செய்யச் சொல்லித்தான் அப்பா அழைத்து வந்திருந்தார், ஆனால் அவளுக்கும் அந்த வீட்டில் கூச்சமாகிவிட்டது. மெல்லக் கிட்ட வந்து குனிந்தாள்.

“ஐயோ, இதுக்குத்தானா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? மூக்கைப் பாரு, யாரோ மிதிச்ச கொய்யாப்பழம்! டேய் மொட்டை, என்னடா முறைக்கிறே?”

ஹலிமாவின் உதடு துடித்தது.

“இந்த வீட்ல இவனை ஒழுங்கா வளக்க மாட்டாங்கப்பா. நானே தூக்கிட்டுப் போறேன்!” கழுத்தைப் பதமாகத் தாங்கிப் பிள்ளையை அள்ளிக்கொண்டு நடைவழிக்கு ஓடினாள்.

ஜீபோ கமலநாதன் பக்கம் திரும்பினான். டோசோவில் பாசோ செய்வது இதையேதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், பாக்குப் போல மெல்லும் கோலாக்கொட்டை கொடுத்தால்தான் திருப்பித் தருவார்கள். “இதை நான் உங்ககிட்ட சொன்னேனா?”

“எதை?” என்றார் கமலநாதன்.

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஹலிமா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஏழு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். கோலாக்கொட்டைக்குக் காஜாங்கில் எங்கே போவது? பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடைவழிக்குப் போய் நீட்டினாள். இத்தனை நாளும் ‘ஆன்டி’ என்று கூப்பிட்ட பெண் தட்டை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இது பத்தாது, அத்தை.”

ஜீபோ வாசற்படியில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் வந்து நின்ற கமலநாதனிடம், உள்ளதிலேயே கடுமையான குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னான்:

“உங்க பொண்ணுக்குக் கொஞ்சங்கூட மரியாதையே இல்ல, மச்சான்.”