எடை மிஷினில் ஏறியவர்

இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூவரும் தூக்கக் கலக்கம் என்றார்கள். அன்று பகல் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் எழுந்தேன். கண்ணும் காதும் ஒழுங்காகவே இருந்தன. நடந்தது நடந்ததுதான்.

அப்போது எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. ஒன்பதரைக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் வெளியே. மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். அவள் வீட்டுக்கு வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். நான் வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி நான்கு வருடம். ஒரே கட்டிலில் ஷிப்ட் போட்டுத் தூங்கினோம்.

அந்த எடை மிஷினை வாங்கி வந்தவன் மச்சான், அவள் தம்பி. கையில் காசு புரள்கிற ஆள். அவன் வீட்டில் விளக்குகூடச் சொன்னால்தான் எரியும்.

"மாமா, இது ஸ்மார்ட். எடையை வச்சே ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிடும். உங்க போனுக்கு உடனே மெசேஜ் வரும்."

"எடை பாக்க எதுக்குடா இன்டர்நெட்? ஏறி நின்னா முள்ளு காட்டப்போவுது."

"நீங்க இன்னும் முள்ளுலயே இருங்க," என்றாள் மனைவி. தம்பி வந்தால் அவளுக்கு வாய் நீளும்.

அவள் போனில் இடமில்லை என்று அதற்கான ஆப்பை என் போனில் போட்டுவிட்டுப் போனான். அவள் 54 கிலோ, நான் 63.4. இரண்டு பேரையும் அது கற்றுக்கொண்டது. வேறு எடை ஏறினால் 'விருந்தாளி' என்று காட்டும். குளியலறையில் வைஃபை எட்டவில்லை. அதனால் படுக்கையறைக் கதவடியில் போட்டாள். குறுகலான அறை. மிஷினை மிதிக்காமல் கட்டிலுக்குப் போக முடியாது.

இரண்டாவது வாரம். கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது.

விருந்தாளி. 71.6 கிலோ. இரவு 11:42.

மெசேஜை நான்கு முறை படித்தேன். எழுபத்தொன்று என்றால் ஆம்பளை. என்னைவிட வாட்டசாட்டமான ஆம்பளை.

கூட வேலை பார்க்கிறவன் எட்டிப் பார்த்தான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பேர். "என்னப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேலையப் பாரு."

காலையில் வீட்டுக்குப் போனதும் தலையணையை மோந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மழுப்புவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் 11:42. 69.9 கிலோ.

அடுத்த நாள் 11:42. 68.

தினமும் அதே நிமிடம். எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. 66.5... 65.1... எவனோ என் வீட்டுக்கு வந்து இளைத்துக்கொண்டிருக்கிறான் என்று வயிறு எரிந்தது. அவள் வேறு பளபளவென்று இருந்தாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று பாட்டு. எனக்காக அவள் பாடிக் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் போன் அதிர்ந்தது. அதில் 'விருந்தாளி' இல்லை.

என் பெயர். என் படம். 63.4 கிலோ. 11:42.

நான் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி, தெருமுனையில் நின்றேன். 11:20-க்கு என் சாவியால் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனேன். வாசல் கதவைத் தாழிட்டேன். உள்ளே வர வேறு வழி கிடையாது. கூடத்தில் இருட்டில் உட்கார்ந்தேன். கையில் ஒரு சுத்தியல்.

11:40. ஃபிரிட்ஜ் உறுமி நின்றது.

11:41. எதுவும் இல்லை.

'டிங்...'

மிஷின் சத்தம். படுக்கையறையிலிருந்து.

என்னைத் தாண்டி யாரும் போகவில்லை.

போன் ஒளிர்ந்தது. என் படம். 63.4.

எழுந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தரையில் மிஷினின் நீல வெளிச்சம். மேலே யாரும் இல்லை. ஆனால் எண் மட்டும் அணையவில்லை.

63.4.

ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. ஏறினேன்.

126.8.

என் கழுத்தில் மூச்சு பட்டது... சில்லென்று.

இறங்கினேன்.

63.4.

பிறகு... 0.

கட்டில் கிரீச்சிட்டது.

"வந்துட்டீங்களா..." தூக்கத்தில் அவள் குரல். இவ்வளவு குழைவான குரலை நான் கேட்டதில்லை.

நான் கதவடியில்தான் நின்றேன்.

அவள் கை எழுந்தது. எதையோ அணைத்தது.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. விளக்கைப் போட்டேன்.

கட்டிலில் அவள் மட்டும். பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. ஆள் நீளத்துக்கு. என் கண் முன்னால் மெல்ல... மெல்ல... மேலெழும்பியது.

சுத்தியலால் மிஷினை நொறுக்கினேன். அவள் அலறி எழுந்தாள். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள். மறுநாளே வேலையை விட்டேன். அந்த மாதமே வீடு மாறினோம்.

வீட்டுச் சாமான்களுக்கு இந்த ஸ்மார்ட் எல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். முள் மிஷினாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நிம்மதியாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"அது நீங்க இல்லன்னு மொத நாளே எனக்குத் தெரியும்."

கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டேன். "எப்படி?"

"அவரு வந்ததும் சாப்பிட்டியான்னு கேப்பாரு."

அவரு.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நைட் வேலைய விட்டுட்டு வீட்டுலயே உக்காந்திருப்பீங்க."

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். தினமும் இரவு அவள் பக்கத்தில்தான் படுக்கிறேன். 11:42-க்கு அவளுக்குத் தானாக விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து கதவையே பார்க்கிறாள். பிறகு திரும்பி என்னைப் பார்க்கிறாள், வேறு யாருடைய இடத்திலோ நான் படுத்திருப்பதைப் போல.