அணையாத அடுப்பு

தெருவில் அவளுக்குப் பெயர் பாய்லரம்மா. மரப்பட்டறைக் கழிவை அடுப்பில் தள்ளி, பாய்லரில் நீராவி கட்டி, பழைய நீராவி இன்ஜினை ஓட்டுவாள். அதோடு பெல்ட் மாட்டிய டைனமோவால்தான் அந்தத் தெருவில் விளக்கெரிந்தது. அதுவரை டீசல் ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். டீசல் விற்ற விலையில் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கையிடம் நழுவினார்கள். அவன் முதலில் பேச்சை நிறுத்தினான். பிறகு ஒரு மாலை, இரண்டு ஆட்களோடும் சம்மட்டியோடும் வந்து நின்றான்.

"உட்காரு அண்ணே, டீ போடுறேன்."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு டீ வேறயா?"

முதல் அடி இன்ஜின் சக்கரத்தில் விழுந்தது. அடுத்தது குறுக்கே பாய்ந்த அவள் தோளில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஆட்களில் ஒருவன் பாய்லரின் தலையில், அழுத்தம் மிஞ்சினால் நீராவியைத் திறந்துவிடும் சேஃப்டி வால்வை அடித்து நசுக்கினான். தெரு இருண்டது.

"முடிஞ்சுது உன் கரண்ட்டு," என்றான் அண்ணன்.

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டீசல் இன்ஜினுக்குள்ளேயே எரியும். இன்ஜின் நின்றால் அதுவும் அடங்கிவிடும். இங்கே தீ வெளியே, அடுப்பில். இன்ஜின் செத்தது அதற்குத் தெரியாது. செலவழிக்க வழியில்லாத நீராவி ஏறிக்கொண்டே போனது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அவள் கணவன், "என்னடி சத்தம்?" என்று கத்திக்கொண்டிருந்தான். எழுந்து ஓட முடியாதவன்.

"அண்ணே, வெடிக்கப் போகுது. தள்ளு, தீயை வெளியே எடுக்கணும்."

"யாருகிட்டடி கதை விடுற?"

முடியைப் பிடித்து அவளைச் சுவரில் மோதினான். ரத்தம் கண்ணில் இறங்கியது. விழுந்த இடத்திலிருந்தே நீளக் கம்பியை எட்டி எடுத்தாள். அடுப்புக் கதவை உதைத்துத் திறந்து, ஒற்றைக் கையால் கனலை வாரி வெளியே இழுத்தாள். அது அவன் காலடியில் கொட்டியது. கால்சட்டை பற்றிக்கொண்டது. கூட வந்த வீரர்கள் இருவரும் முதலாளியை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். அவன் அலறிக்கொண்டே அவள் விலாவில் உதைத்தான். அவள் இழுப்பதை நிறுத்தவில்லை. அடுப்பு காலியாகி முள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் வாளியை அவன்மேல் கவிழ்த்தாள்.

கூடப் பிறந்தவன் காலில் நெருப்பள்ளிக் கொட்டியவள் என்று தெரு பேசியது. அண்ணனும் கட்டுப்போட்ட கால்களோடு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணனையும் சேர்த்துத்தான் காப்பாத்துனேன்னு சொல்லிடேன்," என்றான் பக்கத்தில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவன்.

அவள் கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கிய கையோடு புது வால்வைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"சொன்னா பயம் விட்டுப்போயி திரும்ப வருவான். இந்த ஸ்பானரைக் கொஞ்சம் பிடிங்க."