இடது கன்னம்

மீன் ஏலம் தொடங்குமுன் சுன்ஹோக் அண்ணன் பச்சைப் பாக்கின் காம்பை முன்பல்லால் கடித்துத் துப்புவார். சுண்ணாம்பு தடவிய பாக்கை இடது கன்னத்தில் ஒதுக்கி, முதலில் ஊறும் சிவப்பு எச்சிலைக் காகிதக் கோப்பையில் உமிழ்ந்த பிறகே விலை கூவுவார். தோங்காங் துறைமுகத்தில் அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. தரையில் கிடக்கும் சூரை மீன்களினூடே அவர் கூவி நடப்பது, தூரத்தில் யாரோ மழையை அழைப்பது போலிருக்கும்.

ஒரு வசந்தத்தில் பாக்கு வலது கன்னத்துக்கு மாறியது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நான் ஏனென்று கேட்டேன்.

"சின்னப் புண்ணுடா தம்பி. உடம்புச் சூடு. கசப்பு மூலிகைத் தண்ணி குடிக்கிறேன்ல, போயிரும்."

"புத்தாண்டுல இருந்து இதே சூடுதான்" என்றார், பக்கத்தில் சூப் கடை வைத்திருந்த அவர் மனைவி லீகியாவ். "அந்தச் சூட்டுல நான் அடுப்பில்லாமயே சூப் காய்ச்சலாம்."

"வலிக்கவே இல்லையேடி. வலிச்சாத்தானே வியாதி?"

கோடையில் கோயில் வாசலுக்கு, வாய்ப் பரிசோதனை செய்யும் பல் டாக்டரின் வண்டி வந்தது. அறிவித்தவர் அண்ணனேதான்.

"ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருக்கிறவன், வாய்க்குள்ள வெள்ளையாவோ செவப்பாவோ திட்டு இருக்கிறவன் எல்லாம் வாங்கடா! காசு கிடையாது. பொண்டாட்டிகிட்டயும் போட்டுக் குடுக்க மாட்டாங்க!"

"மொதல்ல நீங்க ஏறுங்கண்ணே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"கப்பல்ல கேப்டன் கடைசியிலதான்டா எறங்குவான்."

எல்லோரும் சிரித்தோம்.

மழைக்காலம் முடியும்போது நூடுல்ஸ் உண்ணும் அளவுக்குக்கூட அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அதன்பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கன்னத்தையும், தாடையில் ஒரு பகுதியையும், பாதி நாக்கையும் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்து ஏலம் பார்ப்பார். புதியவன் விலை கூவக் கூவ, இவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கும். அடுத்த குளிர்காலம் அவருக்கு இல்லை.

மறுபடி வண்டி வந்தபோது, டாக்டரம்மா என்னிடம் அவரைப் பற்றி விசாரித்தார். சொன்னேன்.

"அன்னிக்கு எல்லாரும் போன பிறகு வந்தாருப்பா. 'வெட்டினா கூவ முடியுமா டாக்டர்?'னு கேட்டாரு. வாயத் தொறங்க, பாத்துட்டுச் சொல்றேன்னேன். வேணாம்னு கையாட்டிட்டுப் போயிட்டாரு."

அந்தக் கோடையில் அண்ணன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்ததை லீகியாவ் என்னிடம் சொல்லியிருந்தார்: கன்னத்தின் உட்புறம், சுண்டுவிரல் நகமளவு புண். அதை டாக்டரிடம் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். "அவ்வளவுதான்னா, அதை மட்டும் வெட்டி ரெண்டு மூணு தையல் போட்டிருப்போம். குரலுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுப்பா."